ஜீப் அறையின் மேற்குச் சுவர்

ஐப்பசி 9, வியாழன்

விடியலில் இருந்து மழை. பெரிய மழை இல்லை, விடாத மழை. ஜீப் அறையில், அடிப்பக்கம் இறங்கித் திருத்த இவர் வெட்டிய கிடங்கில் முழங்காலளவு தண்ணீர். வாளியால் அள்ளிக் குசினிப் பின்பக்கம் ஊற்றினேன். அள்ள அள்ள ஊறுகிறது. குளத்தில் தண்ணீர் ஏறினால் எங்கள் கிடங்கிலும் ஏறும், வருடா வருடம் உள்ளதுதான். இவர் இருந்தால் மோட்டரைப் போட்டு இறைத்திருப்பார். எனக்கு அந்த மோட்டர் பிடிபடாது. இரண்டு தரம் கயிற்றை இழுத்தேன். இருமிவிட்டு நின்றது.

ஜீப் கிடங்குக்கு மேலே பலகையில் நிற்கிறது. கீழே கறுப்புத் தண்ணீர். குளத்தில் இறங்க யோசிக்கிற எருமை மாதிரி.

முட்டை 4. விறகு நனைந்துவிட்டது. மேலே மூடியிருந்த தகரம் காற்றுக்கு விலகிவிட்டது. சட்டம் அடித்த தகரம், பாரம். ஓரத்தில் இரண்டு இரும்பு வளையம் இருக்கிறது, அதில் பிடித்துத் தூக்க நல்லது. இழுத்துப் போட்டுக் கல் வைத்தேன். கோழிக்கூடு நனையவில்லை. போன தையில் நான் வெட்டி அடித்த கூரை.

பின்னேரம் அத்தான் வந்தார். இவருடைய தமையன். சைக்கிளை விட்டு இறங்கவில்லை, ஒரு கால் மட்டும் மண்ணில்.

"பரமேஸ், தீபாவளி கழிஞ்ச அடுத்த நாள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாறன். கழட்டுவம்."

"என்னத்தை அத்தான்?"

"என்னத்தையோ? உன்ரை மனுசன் கட்டி வைச்ச சமாதிக்குள்ளை என்ன கிடக்கு? அதைத்தான்."

அத்தானுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. பிறகு கிணற்றடியில் நின்று தனியே எல்லாம் சொன்னேன். இப்போது மகள் கலாவின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்து, நண்டு ஊர்ந்த மாதிரி. யார் பார்க்கப்போகிறார்கள்.

ஐப்பசி 10, வெள்ளி

மழை இல்லை. வானம் மூட்டம். கிடங்கில் நேற்று அள்ளியது முழுக்கத் திரும்ப வந்துவிட்டது.

கோவிலுக்குப் போகக்கூடாது, வருடம் திரும்பும்வரை. பங்குனியில் இவர் தவறிப்போனார். படலைக்கு வெளியே நான் போனது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கடற்கரைக்கு, அவ்வளவுதான். சாமான் பக்கத்து வீட்டு ராசமணி வாங்கித் தருவாள். அவளுக்கு நான் சட்டை தைத்துக் கொடுப்பேன்.

அத்தான் சொல்லுவதிலும் நியாயம் இல்லை என்றில்லை. ஜீப் அவர்களுடைய அப்பாவினுடையது. வெள்ளைக்காரன் சண்டைக்குக் கொண்டுவந்து, போகும்போது ஏலத்தில் விட்டுவிட்டுப் போனது. மாமா அதில் நெல் ஏற்றினார். பொருட்கள் வராத காலத்தில் இவர் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்ரார்ட் எடுக்க மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல், மருந்துப் போத்தலில் வைத்து ஊதிவிடுவார். கலா வயிற்றில் இருக்க எனக்குப் பிரசவ நோவு கண்டபோது அதில்தான் ஏற்றினார். குளக்கட்டில் நின்றுவிட்டது. போத்தலில் பெற்றோல் இல்லை. நான் கத்த, இவர் ஜீப்பைப் பார்த்துக் கெட்ட கெட்ட தூசணம். பிறகு கிளம்பியது. மனிதரைத் திட்டாதவர்.

இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்த பிறகு, எரிந்த வாகனங்கள் மலைபோலக் குவித்துக் கிடந்த இடத்தில் இவர் நாள் நாளாகத் தேடினார். சீற்றுக்குக் கீழே மாமா ஒட்டிவைத்த இரும்புக் கட்டில் கால் துண்டைக் கண்டுதான் எங்களுடையது என்று பிடித்தார். என்ஜின் இல்லை, ரயர் இல்லை, தளம் இல்லை. மாட்டு வண்டிலில் வந்தது. "இதென்ன, ஜீப்பின்ரை எலும்போ?" என்று கேட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தார். வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்த பிறகு, வீட்டோடு ஒட்டி மூன்று பக்கம் சுவர் வைத்துக் கூரை போட்டார். மேற்குப் பக்கம், தெருவுக்குப் போகிற ஒழுங்கையைப் பார்க்கிற பக்கம், திறந்தபடி.

பிறகு ஆமிப் பச்சை அடித்தார். அந்தக் காலத்து நிறமே வேண்டும் என்று. அடித்த கிழமையே மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். யாருக்கு, எதற்கு, ஏன் பச்சை. இவர் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். அன்று சோறு சாப்பிடவில்லை.

நான் கலாவின் பிள்ளைப்பேற்றுக்கு வவுனியா போனேன். திரும்பி வர மேற்குப் பக்கமும் சுவர். பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று. ஜீப் உள்ளே. உள்ளே போக வீட்டுக்கதவு மட்டும், அதற்குள்ளால் ஒரு மாடுகூட வராது.

"என்னப்பா இது, எப்பிடி வெளியிலை எடுக்கிறது?"

"அது போற நேரம் போகும்."

ஊரே சிரித்தது. ஜீப்புக்குச் சமாதி கட்டிய லிங்கம். ராசமணியின் புருஷன் ஒருநாள் தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் கும்பிட்டான். இவரும் சேர்ந்து கும்பிட்டார்.

ஐப்பசி 12, ஞாயிறு

வெயில். உடுப்புத் தோய்த்தேன். ஜீப்பின் ஹூட், மேலே போடுகிற துணிக்கூரை, தையல் பாதி முடிந்தது.

கன்வஸ் துணி நிசாம் நானா வவுனியாவில் இருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டது. நானாவுக்குத் தொழில் பழைய ஆமி வாகனங்களைத் திருத்தி, அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே சாமான் பூட்டிக் கொடுப்பது. இவருக்கு ஜீப்புக்கு வேண்டிய சாமானும் அவர்தான் தேடித் தந்தவர். ஹூட் நான் தைப்பதாக இவர் இருக்கும்போதே பேச்சு. கம்பிகள் மூன்று வளைத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

துணி மாட்டுத்தோல் மாதிரி. ஊசி இரண்டு முறிந்துவிட்டது. மெசினின் சில்லைக் கையால் சுற்றித்தான் தைக்கிறேன். இது மண்ணுக்குள் கிடந்த மெசின். இடம்பெயர முதல் இவர் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுற்றி, மாமரத்தடியில் தாட்டார். மேலே மண் போட்டு, அம்மிக்கல்லைக் கவிழ்த்து வைத்தார். மண்ணுக்குள் இருந்து ஒரு நைலோன் கயிற்று நுனி மட்டும் அம்மிக்குக் கீழே. திரும்பி வந்த அன்று கயிற்றைப் பிடித்து இழுத்தோம். அதே பின்னேரம் கலாவுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்தேன்.

பின் ஜன்னல் மடிப்பை மறுபக்கமாகத் தைத்துவிட்டேன். பிரிக்கவேண்டும்.

கலா போன் எடுத்தாள்.

"அம்மா, அங்கை தனிய இருந்து என்ன செய்யிறியள்? வாங்கோவன் இஞ்சை."

"ஜீப் நிக்குதல்லோ பிள்ளை."

"அப்பா அந்த ஜீப்பைப் பூட்டி வைச்சவர். உங்களையும் சேத்துப் பூட்டிப்போட்டுப் போயிட்டார்."

சொல்லிவிட்டு அழுதாள். நான்தான் ஆற்றினேன். பேரன் பின்னால் நாய் மாதிரிக் குரைத்துக் காட்டினான்.

வாங்க: மெழுகு நூல், தடித்த ஊசி, தேயிலை, கோழித்தீன், சவர்க்காரம்.

ஐப்பசி 14, செவ்வாய்

மழை, வெயில், மழை. நரிக்குக் கல்யாணம்.

நிசாம் நானா வந்தார், தன்னுடைய பழைய லொறியில். வாசலில் நின்று, "தங்கச்சி, கோழியளைப் பிடி, மாப்பிள்ளை பாக்க வந்திருக்கிறன்" என்று கத்தினார். எட்டு மாதத்துக்குள் இந்த வீட்டில் யாரும் கத்தவில்லை. எல்லோரும் மெதுவாகத்தான் கதைப்பது.

உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் மண்வெட்டியும் கோடாலியும் கட்டும் வார், பின்னால் எண்ணெய்க் கலன், ஸ்பெயார் சில்லு. எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டு.

"கோடாலி இருக்கு. மண்வெட்டி எங்கை? அது ஒரிஜினல். லண்டனிலை இருந்து எடுப்பிச்சது."

அது வெளியே மரவள்ளிப் பாத்தியில் குத்தி நின்றது.

வெளியே வந்ததும் நானா கண்டுவிட்டார். தலையில் கை. "யா அல்லாஹ். ஹிட்லரோடை சண்டை பிடிச்ச மண்வெட்டி தங்கச்சி அது!"

"நல்லாத் தான் வெட்டுது நானா."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு.

பிறகு பற்றறி பூட்டி என்ஜினை ஸ்ரார்ட் எடுத்தார். முதலில் வரவில்லை. பிறகு வந்தது. அறை முழுக்கப் புகை. சுவர் அதிர்ந்தது, அலுமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. நிப்பாட்டப் போனார். "இன்னும் கொஞ்சம் விடுங்கோ நானா" என்றேன். "புகையிலை செத்துப்போவம் பிள்ளை" என்றார். ஆனால் விட்டார்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். மார்கழியில் பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து மன்னார்வரை ஓடுகிறார்களாம். தானும் இவரும் போவதாகப் பேசி வைத்ததாம். "ஜீப் உன்ரைதான். உன்ரை பேரிலை நிக்கட்டும். நான் ஓட்டிக்கொண்டு போய் ஓட்டிக்கொண்டு வாறன். ஆனா முழுசா வெளியிலை வரவேணும். சுவரை உடைக்கச் சொல்லு."

அத்தான் தீபாவளிக்குப் பிறகு கழற்றப் போகிறதைச் சொன்னேன். பெரிய ரோட்டில் புது ஹோட்டல் கட்டுகிறவர் வாசலில் வைக்கக் கேட்டிருக்கிறார். துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கே ஒட்டுவார்களாம். என்ஜின் தேவையில்லையாம். பொனட்டைத் திறந்து உள்ளே பூச்சாடி வைப்பார்களாம்.

நானா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "சீ" என்றார். அவ்வளவுதான்.

ஐப்பசி 15, புதன்

அத்தான் வீட்டுக்கு ராசமணியிடம் சொல்லிவிட்டேன், சுவரை உடைத்து ஜீப்பை முழுசாக எடுக்கலாமா என்று. அத்தானே வந்துவிட்டார். மழைக் கோட்டோடு.

"செத்த வீட்டிலை வருசம் திரும்பாமல் சுவர் இடிக்கிறதோ? ஆரடி உனக்குச் சொன்னது? அந்த நானாவோ?"

"ஆரும் சொல்லேல்லை."

"ஆணியே அடிக்கக்கூடாது எண்டிறது. நீ சுவர் இடிக்கப்போறாய். கலாவின்ரை பிள்ளைக்கு ஒண்டு நடந்தா?"

பேரனை இழுத்துவிட்டார். அதற்கு மேல் என்ன சொல்ல.

"அப்ப பங்குனி வரைக்கும் விடுங்கோ அத்தான். திவசம் முடியட்டும்."

"பங்குனி வரைக்கும் அது தண்ணிக்கு மேலை நிக்குமோ? பலகை ஊறி இத்துப்போச்சு, பாத்தனியோ? ஒரு நாளைக்குக் கிடங்குக்குள்ளை கிடக்கும். பிறகு ஹோட்டல்காரனும் வேண்டான்."

பலகையைப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். விரலால் அமத்த நீர் வருகிறது.

சுவரை உடைத்தால் பேரன். உடைக்காவிட்டால் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் கிடங்கு. இவர் எலும்பில் இருந்து சேர்த்ததை நானே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அல்லது இவர் எழுப்பிய சுவரை. இரண்டும் இவருடைய கை. எந்தக் கையை வெட்ட?

ஹூட்டின் இடது பக்கம் முடிந்தது. பிரயோசனம் இல்லாவிட்டாலும் தைக்கிறேன்.

ஐப்பசி 17, வெள்ளி

இரவு முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை. காலையில் ஜீப் அறை மேற்குச் சுவரில் பூச்சு ஒரு இடத்தில் பொருமியிருந்தது, பலாப்பழம் மாதிரி. அதில் இருந்து மண்ணிறத் தண்ணீர் வடிகிறது. அகப்பைக் காம்பால் குத்தினேன். பூச்சு பொலபொல என்று விழுந்தது. உள்ளே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சீமெந்து இல்லை. களிமண். குளத்துக் களி. விரல் உள்ளே போனது.

சாக்கை எடுத்து மறைத்துக் கட்டினேன். யாரும் பார்க்கக்கூடாது.

வீட்டுத்திட்டச் சீமெந்தை விற்றவர்கள் ஊரில் இருக்கிறார்கள். விற்று ரயர் வாங்கினார் என்றால்? ஜீப்புக்கு ரயர் வந்ததும் அந்த மாதம்தான், எனக்கு நினைவு இருக்கிறது. நான் வவுனியாவில் பிள்ளை குளிப்பாட்டிக்கொண்டிருக்க. முப்பது வருடம் கூட இருந்த மனிதர். ஒரு கதிரை வாங்கினாலும் சொல்லுவார்.

சமைக்கவில்லை. பாண் சாப்பிட்டேன்.

ஐப்பசி 18, சனி

தண்ணீர் அள்ளினேன். சாக்கு நனைந்து மண்ணிறம். ஜீப்போடு கதைக்கவில்லை இன்று. அதன் ரயரைப் பார்க்கவும் மனம் இல்லை.

ஐப்பசி 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. வெளிப்பு, காற்றுக் கூட இல்லை. ஒழுங்கையில் சின்னப்பிள்ளைகளின் வெடி.

செத்த வீட்டில் இந்த வருடம் பலகாரம் சுடக்கூடாது, அதனால் அயலட்டை கொண்டுவந்து தரும். ராசமணி தட்டு நிறைய முறுக்கும் பயத்தம் பணியாரமும். நானாவின் மனைவி தங்கள் பெருநாளுக்குச் செய்கிற வட்டிலப்பம் பஸ்ஸில் கொடுத்துவிட்டா. "தீபாவளிக்கு வட்டிலப்பமோ" என்று ராசமணி சிரித்துவிட்டு அரைவாசியை அவளே சாப்பிட்டாள்.

பத்து மணிபோல அத்தான், நாளைக்குக் கழற்ற ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக. ஜீப்பைச் சுற்றி வந்தவர் சாக்கைத் தூக்கினார். தடுக்க முடியவில்லை.

களியைக் கிள்ளி விரலில் உருட்டினார். பிறகு, "வித்துப்போட்டான்" என்றார். "அரசாங்கம் தந்த சீமெந்தை வித்துப்போட்டு மண் குழைச்சு வைச்சிருக்கிறான். எங்கடை அப்பாவுக்குப் பிறந்தவன்."

நானும் மூன்று நாளாக அதைத்தான் நினைத்தேன். ஆனால் அவருடைய வாயில் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அவர் விக்கேல்லை."

"அப்ப இதென்ன?"

"தெரியாது. ஆனா விக்கேல்லை."

அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்கு எதிராக நான் கதைத்தது இதுதான் முதல். போய்விட்டார். முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டுதான் போனார்.

நான் போய் மரவள்ளிப் பாத்தியில் இருந்து ஹிட்லர் மண்வெட்டியைப் பிடுங்கினேன். எவ்வளவு தூரத்துக்கு விற்றிருக்கிறார் என்று பார்த்துவிடுவோம். பூச்சைச் சுரண்டினேன். மண், மண், மண். பிறகு ணங் என்றது. சீமெந்து. இரும்பு மாதிரி. அதில் இருந்து மேலே சுரண்டினேன், அப்படியே நேராகச் சீமெந்து, நூல் பிடித்த மாதிரி. இந்தப் பக்கம் மண், அந்தப் பக்கம் சீமெந்து. மற்றப் பக்கம் போனேன். அங்கேயும் அப்படியே. ஜீப் பொனட்டில் ஏறி நின்று மேலே சுரண்டினேன். மண் முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு சீமெந்து பீம். கம்பி வைத்துக் கட்டிய நல்ல பீம். வாசலுக்கு மேலே போடுவார்களே, அது.

இறங்கிக் கிடங்கு விளிம்பில் இருந்துவிட்டேன்.

ஹூட்டுக்கு அளந்த நாடாவால் மண் அடைத்த அகலத்தை அளந்தேன். நடுவில் ஜீப், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண். சீமெந்துத் தூணில் பூச்சுக்குள்ளே கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. தோண்டினேன். கொழுக்கி. இரும்புக் கொழுக்கி, மேல் நோக்கி வளைத்தது. கீழே இன்னொன்று. மற்றத் தூணிலும் இரண்டு. கிறீஸ் பூசிப் பொலித்தீன் சுற்றியிருந்தது. பொலித்தீனைப் பிரிக்கக் கிறீஸ் இன்னும் மஞ்சளாக, நேற்றுப் பூசின மாதிரி.

நிசாம் நானாவுக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு வாங்கோ. தான் கூப்பிடேல்லை எண்டு அத்தான் சண்டை பிடிப்பார், நீங்கள் வாங்கோ."

ஐப்பசி 21, செவ்வாய்

மூட்டம். மழை பெய்யவில்லை, பெய்யப்போகிற மாதிரி.

அத்தான் இரண்டு பேரோடும் ஒரு பெட்டி ஸ்பனரோடும் வந்தார். நானா ஏற்கனவே வந்து லொறியில் இருந்தார். இரண்டு பேரும் ஆளை ஆள் பார்க்கவில்லை. நான் எல்லோரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத்தான், சுவர் இடிக்கக்கூடாது, சரி. வாசல் திறக்கலாமோ?"

"என்ன வாசல்?"

பீமைக் காட்டினேன். தூணைக் காட்டினேன். கொழுக்கியைக் காட்டினேன்.

"இது சுவர் இல்லை. இது வாசல். அடைச்சு வைச்சிருக்கிறார், அவ்வளவுதான். செத்த வீட்டிலை வாசல் திறக்கிறதுக்கு வருசம் பாக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் விடியத் திறக்கிறனான்தானே."

ஸ்பனர் கொண்டுவந்தவர்களில் ஒருவன், "அவ சொல்லுறது சரிதான் அண்ணை" என்றான். அத்தான் அவனை முறைத்தார்.

பிறகு கொழுக்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. பொலித்தீன் துண்டைக் கையில் எடுத்தார். கனநேரம் வைத்திருந்தார்.

"சின்னனிலையும் உப்பிடித்தான்" என்றார். "மாங்காய் பழுக்க வைக்கோலுக்குள்ளை ஒளிப்பான். நூல் ஒண்டை வெளியிலை விட்டுத்தான் ஒளிப்பான். எனக்கு நூல் தெரியும். நான் எடுத்துத் திண்டிடுவன். ஒருநாளும் அம்மாட்டைச் சொல்லேல்லை அவன்."

மேல்வரிக் கல்லை அவர்தான் முதலில் எடுத்தார். கையாலேயே வந்தது. நான் மண்வெட்டியால் களியைச் சுரண்ட, மற்றவர்கள் கல்லை வாங்கி முற்றத்தில் அடுக்கினார்கள். ஒரு கல்லும் உடையவில்லை. வெளிச்சம் முதலில் ஒரு கீற்று, பிறகு ஜன்னல் அளவு, பிறகு ஜீப்பின் முகம் முழுக்க. வெளியில் ராசமணியின் புருஷன், கையில் தேங்காய் இல்லை இன்றைக்கு. வாயைத் திறந்தபடி.

புகை வேண்டாம் என்று நானா என்ஜினை எடுக்கவில்லை. தள்ளுவோம் என்றார். ஸ்ரியறிங் பிடிக்க ஒருவர் வேண்டும்.

"நீங்கள் ஏறுங்கோ" என்றார் நானா, அத்தானைப் பார்த்து.

"அப்பா என்னை ஒருநாளும் இதிலை ஓட விடேல்லை. அவனைத்தான் விட்டவர்."

"அதுதான் சொல்லுறன், ஏறுங்கோ."

அத்தான் இடது பக்கம் ஏறினார், இதில் ஸ்ரியறிங் இடது பக்கம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். ஐந்து பேர் தள்ளினோம். பலகை முனகியது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு சாண் விட்டு, தொடாமல், வந்தது.

ஹோட்டல் கதையை அத்தான் எடுக்கவில்லை. போகும்போது, "ஹோட்டல்காரனுக்கு நான் வேறை சொல்லுறன்" என்றார். ஸ்பனர் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி 23, வியாழன்

காலையில் வெயில். ஹூட் பூட்டினோம், நானாவும் நானும். பின் ஜன்னல் கொஞ்சம் கோணல். நானா, "ஆமிக்காரன் தைச்சதும் கோணல்தான்" என்றார். மண்வெட்டியைக் கழுவித் துடைத்து வாரில் கட்டினேன். இனி மரவள்ளிக்கு என்ன செய்வது தெரியாது.

நானா என்ஜினை எடுத்துவிட்டு, "ஏறு தங்கச்சி. எங்கை போவம்?"

ஏறினேன். வலது பக்கம். நோவோடு படுத்திருந்த பக்கம். முற்றம் முடிந்தது, படலை வந்தது. ஒழுங்கை தெரிந்தது, அதற்கு அங்கால் வயல், அதற்கு அங்கால் குளக்கட்டு.

"நிப்பாட்டுங்கோ நானா."

"ஏன்?"

"வருசம் திரும்பேல்லை."

அது காரணம் இல்லை, அவருக்கும் தெரியும். நான் இறங்கினேன். அப்போதுதான் வந்த அத்தான் சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு என் இடத்தில் ஏறிக்கொண்டார். இரண்டு பேரும் குளக்கட்டு வரைக்கும் போய்வந்தார்கள். ஹோர்ன் அடித்து அடித்து, கலியாண வீடு மாதிரி. நான் படலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பச்சை, வயலுக்குள்ளே போக எது ஜீப், எது வயல் என்று தெரியவில்லை. சத்தம் மட்டும்.

நாளைக்கு நானா வவுனியாவுக்குக் கொண்டுபோகிறார், பிறேக் பார்க்க. மார்கழி முடியக் கொண்டுவந்து விடுவாராம்.

ஐப்பசி 24, வெள்ளி

மழை திரும்பத் தொடங்கிவிட்டது. ஜீப் காலையில் போய்விட்டது. அறையில் கிடங்கு மட்டும். அள்ள மனம் இல்லை, அள்ளவும் தேவையில்லை இனி.

வாசலால் சாரல் அடித்து வீட்டுக்கதவு வரைக்கும் ஈரம். ஒரு நாய் வந்து படுத்திருந்தது, துரத்தினேன், திரும்ப வந்தது. இதற்கு ஏதாவது மறைப்புக் கட்டவேண்டும். சாக்குப் போதாது.

விறகின் மேல் தகரம் நினைவு வந்தது. கல்லை எடுத்துவிட்டு, ஓரத்து வளையங்களில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தூணோடு சாத்தினேன். சாத்தும்போதுதான் பார்த்தேன், மேல் வளையம் மேல் கொழுக்கிக்கு நேரே. கீழ் வளையம் கீழ்க் கொழுக்கிக்கு நேரே. தூக்கி மாட்டினேன். மாட்டுப்பட்டது. தள்ளினேன். சத்தமே இல்லாமல் மூடி, சரியாக வாசலின் நடுவில் வந்து நின்றது. அரை வாசலுக்குக் கதவு.

மற்ற அரைக்கும் ஒன்று இருந்தது. இதே சட்டம், இதே வளையம். விறகுக்கு மேலே இரண்டும் ஒன்றாகத்தான் கிடந்தன. போன தையில் அதை நான் கோழிக்கூட்டுக்கு வெட்டினேன். சட்டத்தைக் கழற்றி அடுப்பில் வைத்தேன். வெட்டும்போது இவர் பக்கத்தில்தான் நின்றார். தகரத்தின் மறு தலைப்பைப் பிடித்துத் தந்தவரும் இவர்தான்.

"கோணாமல் வெட்டு" என்று மட்டும் சொன்னார்.